வராத சாட்சிகள்

போர்ட் பிளேயரில் ஒரு மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்



ஊரின் பெயர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் ஆகிவிட்டது. பேச்சுவாக்கில் நான் போர்ட் பிளேயர் என்றே சொல்லிக்கொண்டு போவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் ஜிமெயில் வைத்திருப்பீர்கள். உங்கள் வாசலைப் பெருக்க வேறெங்கோ ஆள் இருக்கிறது. இன்றைய பேச்சு மற்றவர்களுக்கு. அபர்டீன் பஜாரில் டிராவல்ஸ் நடத்துகிறவர், ஹேவ்லாக்கில் டைவிங் கடை போட்டிருப்பவர், பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பாக இருப்பவர். சொந்த டொமைன், மேஜைக்கு அடியில் சொந்த சர்வர், பக்கத்தில் ஒரு யுபிஎஸ். இவர்களில் ஒருவர் என்னைக் கூப்பிட்டால் பேச்சு எப்படித் தொடங்கும் என்பது எனக்கு மனப்பாடம். "அண்ணே, நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. காலையில இருந்து ஒரே ஸ்பேமா கொட்டுது. அந்த அஞ்சை மூணாக்கிரவா?"

ஆக்காதீர்கள். ஏன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நம்மில் பலர் ஓட்டுவது ஸ்பேம்அசாசின். ஜஸ்டின் மேசன் 2001-ல் வெளியிட்டது. இன்று அப்பாச்சி அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. சிலர் ஆர்ஸ்பாம்டிக்கு மாறிவிட்டார்கள். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். வரும் கடிதத்தை நூற்றுக்கணக்கான சின்னச் சின்னச் சோதனைகள் பார்க்கும். ஒவ்வொன்றும் தன் பங்குக்குப் புள்ளி கூட்டும், இல்லையென்றால் கழிக்கும். ஸ்பேம்அசாசினில் கூட்டுத்தொகை 5.0-ஐத் தொட்டால் ஸ்பேம். ஒவ்வொரு சோதனையையும் ஒரு சாட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாட்சிகள் கோர்ட்டுக்கு வராததால் திருடன் விடுதலையாகிவிட்டான் என்றால், சாட்சிகள் ஏன் வரவில்லை என்று போய்ப் பார்க்க வேண்டும். அதை விட்டுவிட்டு, இனிமேல் சந்தேகம் வந்தாலே ஜெயில் என்று சட்டத்தை மாற்றினால் மாட்டுவது யார்? அஞ்சை மூணாக்குவதும் அந்தக் காரியம்தான். ஹாம்பர்க்கிலிருந்து ஒருவர் நாலு ஆச்சரியக்குறி போட்டு, டிசம்பரில் அறை கிடைக்குமா, முன்பணம் எவ்வளவு, எந்தக் கணக்குக்கு அனுப்ப என்று கேட்டு எழுதுவார். அந்தக் கடிதம் குப்பைக்குப் போகும். போனது உங்களுக்குத் தெரியவே தெரியாது. அவர் பக்கத்து ரிசார்ட்டில் இறங்கிவிடுவார்.

அதனால் முதலில் ஹெடரைத் திறக்க வேண்டும். கடிதத்தின் உடலை எல்லோரும் பார்க்கிறார்கள். லாட்டரி, மாத்திரை, பிட்காயின் என்று படித்துவிட்டு "இது ஸ்பேம்னு குழந்தைக்குக்கூடத் தெரியுமே, இந்த மெஷினுக்குத் தெரியலையே" என்று திட்டுகிறார்கள். மெஷின் என்ன பார்த்தது என்பதை மெஷினே ஹெடரில் எழுதி வைத்திருக்கிறது. எக்ஸ்-ஸ்பாம்-ஸ்டேட்டஸ் என்ற வரி. இன்பாக்ஸில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த ஒரு ஸ்பேமின் தலையில் இருந்ததை வாசிக்கிறேன். மொத்தம் 0.8, தேவை 5.0. எச்டிஎம்எல்-இல் எழுதியிருக்கிறது: ஏறக்குறைய சுழியம். எஸ்பிஎஃப் சரி: சுழியம். டிகேஐஎம் கையெழுத்து இருக்கிறது: 0.1. அந்தக் கையெழுத்து செல்லும்: கழித்தல் 0.1. பேயஸ் 50, அதாவது 'எனக்கு இரண்டும் கெட்டான் போலத் தெரிகிறது': 0.8. கடைசியாக ஒன்று, யூஆர்ஐபிஎல் பிளாக்ட்: சுழியம்.

அந்தக் கடைசிச் சொல்லுக்குப் புள்ளியே இல்லை என்பதால் எவரும் அதைப் பார்ப்பதில்லை. நான் முதலில் பார்ப்பது அதைத்தான். 'கடிதத்தில் இருக்கும் இணைய முகவரி கெட்ட முகவரியா என்று கேட்டேன். கேட்ட இடத்தில் கதவைச் சாத்திவிட்டார்கள்' என்று பொருள். அந்த ஹெடரில் ஸ்பாம்ஹவுஸ் என்ற முக்கியமான சாட்சியின் பெயரே இல்லை என்பதையும் கவனியுங்கள். அது வந்து நல்லவன் என்று சொன்னதா, வரவே இல்லையா? ஹெடரில் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். வாய் திறக்காத சாட்சிக்கு மதிப்பெண் சுழியம். தொல்லை முழுக்க இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

இந்தச் சாட்சிகள் எப்படிப் பேசுகிறார்கள் என்று ஒரு நிமிடம் பார்த்துவிடுவோம். ஸ்பாம்ஹவுஸ், ஸ்டீவ் லின்ஃபோர்ட் 1998-ல் தொடங்கிய அமைப்பு. ஸ்பேம் அனுப்பும் முகவரிகளின் பட்டியல் அவர்களிடம் இருக்கிறது. அந்தப் பட்டியலை நாம் இறக்கி வைத்துக்கொள்வதில்லை; பெயரைச் சொன்னால் எண்ணைத் தரும் டிஎன்எஸ் வழியாகக் கேட்கிறோம். 203.0.113.7 என்ற எண்ணிலிருந்து ஒரு கடிதம் வந்தால், நம் சர்வர் அந்த எண்ணைத் தலைகீழாகப் புரட்டி, 7.113.0.203 என்று எழுதி, பின்னால் ஸ்பாம்ஹவுஸின் பெயரை ஒட்டி, 'இப்படி ஒரு பெயர் உண்டா' என்று கேட்கும். உண்டு என்றால் 127.0.0.2 போன்ற ஒரு பதில் வரும். பட்டியலில் இல்லாவிட்டால் 'அப்படி எவரும் இல்லை' என்று வரும். ஒரு கடிதத்துக்கு இப்படி ஏராளமான கேள்விகள் போகின்றன.

இப்போது நம் தீவுக் கதைக்கு வருகிறேன்.

சென்னையிலிருந்து இங்கே வரும் கடலடிக் கேபிளுக்கு 2018 டிசம்பர் 30-ல் இதே ஊரில் அடிக்கல் நாட்டினார்கள். 2020 ஆகஸ்ட் 10-ல் திறந்தார்கள். சுமார் 2,300 கிலோமீட்டர், சுமார் 1,224 கோடி ரூபாய். ஹேவ்லாக், லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரை போகிறது. அதற்கு முன்னால் எல்லாமே செயற்கைக்கோள்தான். அந்தக் காலத்தில் இங்கே இணையம் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். செயற்கைக்கோள் இருப்பது சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில். கேள்வி மேலே ஏறி இறங்க கால் நொடி. பதில் வர இன்னொரு கால் நொடி. அதற்கு மேல் மழை வந்தால் பாதி பாக்கெட் வழியிலேயே போய்விடும். இங்கே மழை எத்தனை மாதம் என்று உங்களுக்குத் தெரியும்.

டிஎன்எஸ் கேள்வியை முறைப்படி கேட்பதென்றால் ஒரே இடத்தில் முடியாது. முதலில் வேர் சர்வர், அது கைகாட்டும் இடம், அங்கிருந்து இன்னொரு இடம். ஒவ்வொரு படிக்கும் அரை நொடி. அதனால் அன்றைக்கு சர்வர் அமைத்தவர்கள் புத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்தார்கள். 'நீ அலையாதே, கூகுளின் 8.8.8.8-இடம் ஒரே கேள்வியாகக் கேள், அவன் அலைந்து கொண்டுவரட்டும்' என்று ஒரு வரி எழுதி வைத்தார்கள். சிலர் பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் 15 நொடியிலிருந்து மூன்றாகக் குறைத்தார்கள். கடிதம் தேங்கக் கூடாது என்பது எண்ணம். அந்தக் காலத்துக்கு அது சரிதான்; நான் குறை சொல்ல மாட்டேன்.

கேபிள் வந்தது, வேகம் வந்தது, அந்த வரிகள் மட்டும் அப்படியே கிடக்கின்றன. உலகத்தில் ஏராளமானவர்கள் கேள்வி கேட்பது 8.8.8.8 வழியாகத்தான். ஸ்பாம்ஹவுஸ் போன்றவர்கள் சின்ன ஆட்களுக்கு இலவசமாகவும் பெரிய நிறுவனங்களுக்குக் காசுக்கும் பதில் தருகிறவர்கள். கூகுள் வழியாக வரும் கேள்வி ஹேவ்லாக் டைவிங் கடையுடையதா, பெரிய கம்பெனியுடையதா என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை. அதனால் 8.8.8.8 போல எல்லோருக்காகவும் கேட்டுச் சொல்லும் பொது ரிசால்வர் எதற்குமே பதில் இல்லை என்று வைத்துவிட்டார்கள். பதில் இல்லை என்பதையும் ஓர் எண்ணாகத்தான் சொல்கிறார்கள்: 127.255.255.254.

இந்த எண் செய்கிற கூத்தைக் கேளுங்கள். புதிய ஸ்பேம்அசாசினுக்கு இதன் பொருள் தெரியும். சுழியம் போட்டுவிட்டு நகர்ந்துவிடும், ஸ்பேம் உள்ளே வரும். ஆனால் கடிதத்தை வாங்கும் மெயில் சர்வரான போஸ்ட்ஃபிக்ஸில், வாசலிலேயே பட்டியலைக் கேட்டுத் தடுக்கும் வரியை எண் குறிப்பிடாமல் எழுதியிருந்தால், அதற்குப் பதில் வந்தாலே போதும், அது என்ன பதில் என்று பார்க்காது. 127.255.255.254 வந்ததா, ஆள் பட்டியலில் இருக்கிறான், வெளியே போ! பள்ளிக்கல்வித் துறையின் சுற்றறிக்கை, பேங்க் ஸ்டேட்மென்ட், சொந்த மாமாவின் கல்யாணப் பத்திரிகை எல்லாமே திருப்பி அனுப்பப்படும். ஒரே தவறுக்கு ஒரு வீட்டில் குப்பை வெள்ளம், பக்கத்து வீட்டில் ஒரு கடிதம்கூட இல்லை. இரண்டு பேரும் என்னைக் கூப்பிட்டு எதிரெதிர்ப் புகார் சொல்வார்கள்.

இதில் ஸ்பாம்ஹவுஸ் மட்டும் விசேஷமில்லை. செத்துப்போன பட்டியல்களும் கான்ஃபிக் ஃபைலில் பேயாக அலையும். 2003 ஆகஸ்டில் ஓசிருசாஃப்ட் என்ற பட்டியல் தாக்குதல் தாங்காமல் மூடும்போது, உலகத்தில் எந்த முகவரியைக் கேட்டாலும் 'ஸ்பேமர்' என்று பதில் சொல்லிவிட்டுப் போனது. ஓஆர்டிபி என்பது 2006 டிசம்பரில் மூடியது. கேட்பதை யாரும் நிறுத்தாததால் 2008 மார்ச்சில் எல்லாக் கேள்விக்கும் ஆமாம் போடத் தொடங்கியது. சோர்ப்ஸ் 2024 ஜூனில் மூடிவிட்டது. யார் வீட்டு ஃபைலில் இன்னும் சோர்ப்ஸ் இருக்கிறது என்று நான் கை தூக்கச் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் எடுத்துவிடுங்கள்.

மருந்து எளிது. சர்வரிலேயே அன்பவுண்ட் என்ற சிறிய ரிசால்வரைப் போடுங்கள். அது யாரிடமும் கேள்வியை ஒப்படைக்காமல் தானே வேர் சர்வர் வரை போய்க் கேட்கட்டும். கேபிள் இருக்கிறது, அரை நொடிக் கணக்கெல்லாம் போய்விட்டது. சர்வரின் ரிசால்வர் முகவரியாக 127.0.0.1-ஐ எழுதுங்கள். பிறகு சோதித்துப் பாருங்கள். பட்டியல்களில் 127.0.0.2 என்ற எண்ணைச் சோதனைக்காகவே எப்போதும் வைத்திருப்பார்கள், 127.0.0.1 எப்போதும் இருக்கக் கூடாது. முதலாவதைக் கேட்டால் 'உண்டு', இரண்டாவதைக் கேட்டால் 'இல்லை' என்று வர வேண்டும். கேபிள் தொடாத தீவில் இருப்பவர்கள் ஸ்பாம்ஹவுஸில் பெயர் பதிந்து தனிச் சாவி வாங்கிக்கொள்ளலாம். சின்ன அளவுக்குக் காசில்லை. அந்தச் சாவியோடு கேட்டால் எந்த ரிசால்வர் வழியாகப் போனாலும் கேட்பது நீங்கள்தான் என்று அவர்களுக்குத் தெரியும்.

இப்போது அந்த 'நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு'. நம் ஊர் மின்சாரம் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டரை நம்பி ஓடுகிறது. ராத்திரி கரண்ட் போகும், யுபிஎஸ் அரை மணி தாக்குப்பிடிக்கும், சர்வர் படுத்துவிடும். விடிகாலை கரண்ட் வந்து எழும்போது ரவுட்டரிடம் போய் முகவரி கேட்கும். ரவுட்டர் முகவரியோடு சேர்த்து 'இந்தா, 8.8.8.8' என்று டிஎன்எஸ்ஸையும் கையில் திணித்துவிடும். நீங்கள் கஷ்டப்பட்டு எழுதிய 127.0.0.1 அழிந்துவிடும். எவரும் எதையும் தொடவில்லை, ஆனால் காலையில் ஒரே குப்பை. ராத்திரி கரண்ட் போனதா என்று நான் கேட்டால் ஏதோ ஜோசியம் சொன்னது போல ஆச்சரியப்படுகிறார்கள். சர்வருக்கு நிலையான முகவரி கொடுத்து, ரவுட்டரிடம் முகவரி வாங்கும் டிஎச்சிபி, ரிசால்வர் ஃபைலைத் தொடாமல் பூட்டிவிடுங்கள். அதே கரண்ட் வெட்டில் மதர்போர்டு பேட்டரி செத்திருந்தால் கடிகாரமும் பின்னால் போயிருக்கும். அப்போது வருகிற கடிதமெல்லாம் எதிர்காலத்திலிருந்து வந்ததாக ஃபில்டருக்குப் படும், அதற்கும் புள்ளி ஏறும்.

டிஎன்எஸ்ஸைச் சரிசெய்தால் உடனே குப்பை நிற்குமா? பல வீடுகளில் நிற்காது. இங்கே கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள், இதை எவரும் எளிதில் கண்டுபிடிப்பதில்லை.

ஹெடரில் பேயஸ் என்று ஒரு சாட்சி இருந்தது அல்லவா? பால் கிரகாம் 2002-ல் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகு பிரபலமான முறை. உங்களுக்கு வந்த ஸ்பேமையும் நல்ல கடிதத்தையும் காட்டிப் பழக்கினால், எந்தச் சொல் எந்தப் பக்கம் அதிகம் வருகிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளும். குறைந்தது 200 ஸ்பேம், 200 நல்ல கடிதம் பார்க்காமல் வாய் திறக்காது. நீங்கள் பழக்காவிட்டாலும் அது தானாகவே பழகிக்கொள்ள ஓர் ஏற்பாடு உண்டு. மற்றச் சாட்சிகளின் கூட்டுத்தொகை 12-க்கு மேல் போனால் 'இது ஸ்பேம்' என்று படித்துக்கொள்ளும், 0.1-க்குக் கீழே இருந்தால் 'இது நல்ல கடிதம்' என்று படித்துக்கொள்ளும்.

நான் வாசித்த அந்த ஹெடருக்குத் திரும்பிப் போங்கள். மொத்தம் 0.8, அதில் பேயஸ் தானே கொடுத்த 0.8-ஐ எடுத்துவிட்டால் மிச்சம் சுழியம். 0.1-க்குக் கீழே. ஆகவே அந்த லாட்டரிக் கடிதம் நல்ல கடிதம் என்று பாடமாகிவிட்டது! ஸ்பாம்ஹவுஸ் பேசியிருந்தால் இது நடந்திருக்காது. அடுத்த வாரம் அதே ஆள் அதே சரக்கை அனுப்பும்போது பேயஸ் 50 என்று இழுக்காது. பேயஸ் 00 என்று சொல்லி 1.9 புள்ளியைக் கழித்தும் விடும். மாதக் கணக்கில் டிஎன்எஸ் ஊமையாக இருந்த சர்வரில் பேயஸ் ஸ்பேமர் பக்கம் சேர்ந்திருக்கும். பட்டியல்கள் மீண்டும் பேசத் தொடங்கினாலும் இது எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட தரவுத்தளத்தைத் திருத்த முயல வேண்டாம். அழித்துவிட்டு, தானாகக் கற்பதை நிறுத்திவிட்டு, உங்கள் கையால் பொறுக்கிய கடிதங்களைக் கொண்டு முதலிலிருந்து பழக்குங்கள்.

பழக்கும்போது எந்தப் பயனராகப் பழக்குகிறீர்கள் என்று பாருங்கள். ரூட்டாக உட்கார்ந்து எஸ்ஏ-லேர்ன் கட்டளையை ஓட்டினால் பாடம் ரூட்டின் வீட்டில் சேரும். ஃபில்டர் ஓடுவது வேறு பயனராக. அது தன் வீட்டு நோட்டைத்தான் பார்க்கும். இரண்டு வருஷமாகத் தினமும் பழக்குகிறேன், ஒன்றும் ஏறவில்லை என்று ஒருவர் சொன்னார். ஏறியிருந்தது, வேறு நோட்டில்! டம்ப் மேஜிக் என்று கேட்டால் எத்தனை ஸ்பேம், எத்தனை நல்ல கடிதம் படித்திருக்கிறது என்று அது சொல்லும். ஃபில்டரின் பயனராக நின்று கேளுங்கள்.

சென்னையில் இருக்கும் ஒரு நண்பர் தன் அலுவலகத்துப் பேயஸ் தரவைக் கொடுக்கிறேன் என்றால் வாங்காதீர்கள். அவருக்கு 'முன்பணம்', 'வெளிநாட்டுப் பணப் பரிமாற்றம்', 'பாஸ்போர்ட் நகல்' எல்லாம் ஸ்பேம் சொற்கள். டிராவல்ஸ் நடத்துகிறவருக்கு அதுதான் சோறு. ரஷ்ய மொழியில் வரும் கடிதத்தைக் கண்டதும் புள்ளி ஏற்றும் வசதி ஒன்று இருக்கிறது. டைவிங் கடைக்காரர் அதைப் போட்டால் சீசனே போய்விடும்.

தமிழுக்கு வருவோம். யூனிகோடு பரவுவதற்கு முன்னால் நாம் பாமினி, டிஸ்கி, டாப் என்று ஆளுக்கொரு குறியீட்டில் எழுதிக்கொண்டிருந்தோம். அந்தக் கடிதங்கள் ஃபில்டருக்கு ஆங்கில எழுத்தில் கிறுக்கிய உளறலாகத் தெரியும். அந்தக் காலம் போய்விட்டது, ஆனால் யூனிகோடிலும் ஒரு சிக்கல் இருந்தது. யுடிஎஃப்-8-ல் நம் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 'விண்ணப்பம்' என்ற சொல்லில், மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியுமாகப் பிரித்து எண்ணினால் பத்துக் குறிகள், முப்பது பைட். ஸ்பேம்அசாசினின் பேயஸ் 15 பைட்டுக்கு மேல் நீண்ட சொல்லை முழுதாக வைத்துக்கொள்ளாது. பழைய பதிப்புகளில் துண்டு துண்டாக வெட்டிவிடும். ஆங்கிலத்தில் 15 பைட் என்பது பதினைந்து எழுத்து. தமிழில் ஐந்து. நம் சொற்கள் வேற்றுமை உருபெல்லாம் ஒட்டிக்கொண்டு நீளுகிறவை. பாதிக்கு மேல் வெட்டுப்பட்டுவிடும். 2022 டிசம்பரில் வந்த 4.0 பதிப்பில்தான் யூனிகோடைக் கையாளுவது ஒழுங்கானது. இந்த ஊரில் ஒரே இன்பாக்ஸில் தமிழும் இந்தியும் வங்காளமும் தெலுங்கும் மலையாளமும் வருகின்றன. 3.4-லேயே இருப்பவர்கள் மேலேறுங்கள்.

மேலேற இன்னொரு காரணமும் இருக்கிறது. விதிகளைப் புதுப்பிக்கும் கையெழுத்து முறையை மாற்றியதால், 3.4.2-க்கு முந்தைய பதிப்புகளுக்கு 2020 மார்ச் முதல் புது விதிகள் வருவதே இல்லை. சத்தமில்லாமல் நின்றுவிட்டது. விதிகள் பழசானால் என்ன ஆகும் என்பதற்கு 2010 ஜனவரி 1 சாட்சி. 2010-ம் ஆண்டுத் தேதி போட்ட கடிதம் 'வெகு தூர எதிர்காலம்' என்று புள்ளி ஏற்றும் விதி ஒன்று இருந்தது. புத்தாண்டு அன்று உலகம் முழுக்க வாழ்த்துக் கடிதங்கள் தண்டனை வாங்கின.

செயற்கைக்கோள் காலத்தின் இன்னொரு மிச்சம், சென்னையில் வைத்திருக்கும் துணை சர்வர். இங்கே இணைப்பு அறுந்தால் கடிதம் அங்கே போய்த் தங்கட்டும், இணைப்பு வந்ததும் இங்கே வரட்டும் என்று டிஎன்எஸ்ஸில் இரண்டாவது எம்எக்ஸாக எழுதி வைத்தார்கள். ஸ்பேமர்களுக்கு இந்த இரண்டாவது வாசல் மிகவும் பிடிக்கும். முதல் வாசல் திறந்திருந்தாலும் அங்கே போக மாட்டார்கள். கொல்லைப்புறத்தில் காவல் குறைவு என்பது அவர்களுக்குத் தெரியும். அங்கே இறங்கிய கடிதத்தைச் சென்னை சர்வர் நமக்கு அனுப்பும்போது, நம் ஃபில்டர் 'கொண்டுவந்தது யார்' என்று பார்த்தால் சென்னை சர்வரின் முகவரி. அது நல்ல பெயர் உள்ள முகவரி. பட்டியலில் கேட்டால் யோக்கியன் என்றுதான் வரும். அதே சமயம் நல்ல கடிதம் அந்த வழியாக வந்தால் எஸ்பிஎஃப் தோற்கும். பேங்க்காரன் சென்னை சர்வரைத் தன் ஆள் என்று சொல்லியிருக்க மாட்டானே. சென்னை முகவரியை உள்வட்டத்து முகவரியாக ஸ்பேம்அசாசினிடம் அறிவித்தால், அதற்கு முந்தைய ஆளைப் பார்க்கும். செய்யலாம். என்னைக் கேட்டால் துணை சர்வரையே எடுத்துவிடுங்கள் என்பேன். போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற ஒழுங்கான சர்வர் எதுவும், எதிர்ப்பக்கம் கதவு திறக்காவிட்டால் ஐந்து நாள் வரை திரும்பத் திரும்ப வந்து தட்டும். ஐந்து நாளுக்கு மேல் இங்கே இணைப்பு இல்லையென்றால் நமக்கு மெயிலைவிடப் பெரிய கவலைகள் இருக்கும்.

அப்படிப்பட்ட நாட்களை இந்தத் தீவுகள் பார்த்திருக்கின்றன. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு சுனாமி நிவாரணம் என்று உலகம் முழுக்கக் கடிதங்கள் பறந்தன. அதில் மோசடிக்காரர்களும் புகுந்துகொண்டார்கள். 2005 ஜனவரியில் அமெரிக்க எஃப்பிஐ பொதுமக்களை எச்சரிக்கும் அளவுக்குப் போனது. கார் நிக்கோபாருக்கு உதவுங்கள் என்று உண்மையாக எழுதியவனும் பொய்யாக எழுதியவனும் ஒரே சொற்களைத்தான் எழுதினார்கள். உடலை மட்டும் படிக்கும் ஃபில்டர் அங்கே ஒன்றும் செய்திருக்க முடியாது. கொண்டுவந்தவன் யார், எந்த வழியாக வந்தான், பணம் கேட்கும் இணைய முகவரி நேற்றுப் பிறந்ததா என்ற கேள்விகளுக்குத்தான் பதில் இருந்திருக்கும். அவை எல்லாம் டிஎன்எஸ் கேள்விகள்.

எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டும் சரியாக இருந்தால் நல்ல கடிதம் என்று சிலர் நம்புகிறார்கள். எழுதியவன் அந்த டொமைன்காரன்தான் என்பது வரைக்கும்தான் அவை பேசும். டொமைன்காரன் யோக்கியனா என்று பேசாது. ஸ்பேமர்கள் இப்போது ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். எதிர்த்திசையிலும் அவசரம் கூடாது. 2018 செப்டம்பரில், சில பயனர்கள் அனுப்பிய ஃபிஷிங் கடிதங்கள் பற்றிய புகாருக்காக ஸோஹோவின் முழு டொமைனையே அதன் பதிவாளர் முடக்கினார். லட்சக்கணக்கானவர்களின் வேலை மணிக்கணக்கில் நின்றது. ஒரு டொமைனிலிருந்து நாலு ஸ்பேம் வந்தது என்று அந்த டொமைனையே கறுப்புப் பட்டியலில் போடும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கிரேலிஸ்டிங் பற்றி யாரோ சீட்டு அனுப்பியிருக்கிறீர்கள். புது ஆள் தட்டினால் 'ஐந்து நிமிடம் கழித்து வா' என்று சொல்லும் முறை. ஸ்பேமர் திரும்ப வர மாட்டான் என்ற நம்பிக்கை 2003-ல் சரியாக இருந்தது. இன்றைக்கு அவன் வருகிறான். வராமல் தாமதமாவது கப்பல் டிக்கெட்டுக்கான ஓடிபி. பெரிய கம்பெனிகள் இரண்டாம் முறை வேறு முகவரியிலிருந்து தட்டும்; அப்போது எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து. எடுத்துவிடலாம். பெரிய அளவுக் கடிதங்களையும் பாருங்கள்: கடிதத்தை ஸ்பேம்அசாசினிடம் கொண்டுபோய்க் கொடுக்கும் ஸ்பாம்சி 500 கேபிக்கு மேற்பட்டதைச் சோதிக்காமல் விட்டுவிடும். ஸ்பேமர் ஒரு பெரிய படத்தை ஒட்டினால் போதும், எல்லாச் சாட்சிக்கும் விடுமுறை.

சட்டத்திடம் போகலாமே என்று ஒருவர் முன்பு கேட்டார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் ஓர் உட்பிரிவு, எரிச்சலூட்டவோ அனுப்பியவர் யார் என்று ஏமாற்றவோ அனுப்பும் மின்னஞ்சலைக் குற்றமாக்கியது. பேச்சுரிமையை நெரித்ததற்காக 66ஏ முழுவதையும் 2015 மார்ச் 24-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ரத்து செய்தது நல்லதுதான், அந்தப் பிரிவில் ஜெயிலுக்குப் போனவர்கள் ஸ்பேமர்கள் அல்ல.

பிடித்த ஸ்பேமை என்ன செய்வது? புள்ளி மிக அதிகமாக இருந்தால், கடிதம் கொண்டுவந்தவன் இன்னும் வாசலில் நிற்கும்போதே மறுத்துவிடுங்கள். அவன் நல்லவனாக இருந்தால் அவனுடைய சர்வர் 'போகவில்லை' என்று அவனுக்குச் சொல்லும்; ஹாம்பர்க்காரர் போனில் கூப்பிடுவார். வாங்கி வைத்துக்கொண்டு பிறகு திருப்பி அனுப்பாதீர்கள்; அனுப்பியவர் முகவரி பெரும்பாலும் திருடியதாக இருக்கும், சம்பந்தமில்லாத ஒருவருக்குக் குப்பை போகும், உங்கள் முகவரியே பட்டியலில் ஏறும். அஞ்சுக்கும் பத்துக்கும் நடுவில் இருப்பதை ஜங்க் ஃபோல்டரில் போட்டு, வாரம் ஒருமுறையாவது கண்ணால் பாருங்கள். சத்தமில்லாமல் அழிப்பது மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம்.

கேள்விகள் கேட்கலாம். தங்கள் சர்வரில் என்ன கோளாறு என்று பார்க்க வேண்டுமென்பவர்கள் கூட்டம் முடிந்ததும் இந்தப் பக்கம் வாருங்கள். இன்பாக்ஸை போட்டோ எடுத்துக் காட்டாதீர்கள், அதில் எனக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே வந்த ஒரு ஸ்பேமின் முழு ஹெடர், வெளியே நின்ற ஒரு நல்ல கடிதத்தின் லாக் வரி, சர்வரின் ரிசால்வர் ஃபைல். இந்த மூன்றையும் போனில் வைத்திருப்பவர்கள் முதலில் வரலாம்.